ரைன் நதியில் அண்ணனின் சதாபிஷேகம்



மாலையில் காய்கறி மார்க்கெட் பக்கம் நடக்கப் போனால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்கிறார். "என்ன சார், ஐரோப்பாவுல கப்பல்ல சுத்திட்டு வந்தீங்களாமே?" கடலில் இல்லை, ஆற்றில்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நங்காஞ்சியாற்றைப் பார்த்து வளர்ந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்களிடம், ஆற்றில் மூன்று மாடிக் கப்பல் போகிறது என்றால் எப்படி நம்புவார்கள்? எழுதுகிறேன் என்று பலரிடம் சொல்லிவிட்டேன். சொல்லி ஐந்து மாதமாகிவிட்டது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கடைசி வரை படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நான் புதுச்சேரியில் பிறந்தவன். அப்பா அங்கே ஒரு பஞ்சாலையில் கணக்கர். அம்மாவுக்குத்தான் ஒட்டன்சத்திரம் சொந்த ஊர். அண்ணனும் நானும் படித்தது பிரெஞ்சு வழியில். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். 1944 தை மாதம் பிறந்தவர்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி முழுதாக வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்று முதல் ஆறு மாதம் கெடு. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. நிரம்பியவர்கள் தாங்களே எழுதிக் கொடுக்கலாம்.

அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நாம இந்த மண்ணுக்காரங்க, இதுல எழுதிக் குடுக்க என்ன இருக்கு?" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் இந்தியன். அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். மறு வருடமே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். புதுச்சேரியில் இப்படிப் போனவர்களைச் 'சொல்தா' என்பார்கள். அப்பா அன்று சொன்னது ஒன்றுதான். "இனிமே அவன் இந்தப் படி ஏறக்கூடாது." அப்பா இருந்தவரை அண்ணன் ஏறவில்லை.

1970 நவம்பர் 4-ஆம் தேதி, ஐப்பசி வளர்பிறை பஞ்சமி அன்று அப்பா காலமானார். எனக்கு இருபது வயது. அம்மாவை அழைத்துக்கொண்டு மாமா ஊரான ஒட்டன்சத்திரத்துக்கு வந்தேன். என் பிரெஞ்சு சர்டிபிகேட்டை இங்கே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது இது மதுரை மாவட்டம். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கோப்புகளை மூட்டை கட்டிப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். 2008-இல் ஓய்வு. இத்தனை வருடத்தில் நான் கற்ற பிரெஞ்சு பெட்டிக்கடியில் போட்ட பட்டுவேட்டி போலக் கிடந்தது.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்று பாரீஸுக்கு அருகே குடும்பத்தோடு இருக்கிறார். சென்ற வருடம் அவர் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவுக்கு செப்டம்பர்ல எண்பது முடிஞ்சு எட்டு மாசம். சதாபிஷேகம் பண்ணணும். முழங்கால் வலியோட அவரால இந்தியா வர முடியாது. நீங்க எல்லாரும் வாங்க. ரைன் நதிக் கப்பல்ல எடம் போட்டிருக்கோம்." கப்பலில் சதாபிஷேகமா என்று என் மனைவி மூன்று நாள் ஆச்சரியப்பட்டாள். பிறகு பழனி விபூதி, பஞ்சாமிர்தம், மஞ்சள், குங்குமம், பன்னிரண்டு முழம் பட்டு, இரண்டு டின் முறுக்கு என்று மூட்டை கட்ட ஆரம்பித்தாள். கோயம்புத்தூரிலிருந்து என் மகன் குடும்பமும் சேர்ந்துகொண்டது.

பாரீஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஊர் ரைன் கரையில் பிரான்சின் எல்லையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. அங்கே ஒரு கடையில் துணிந்து பிரெஞ்சில் தேநீர் கேட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேல் பேசாத பாஷை. கடைப் பெண் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "எங்க தாத்தாவோட பாடப் புஸ்தகம் மாதிரி பேசறீங்க" என்று சிரித்தாள். தேநீர் வந்தது. அன்று நான் குடித்த தேநீரைப் போல் ருசியானது வேறு இல்லை. மனைவி சொன்னாள், "அதுல பால்கூட இல்ல."

ஸ்ட்ராஸ்பூரில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சு தேசிய கீதம் பிறந்தது இந்த ஊரில்தானாம். 1792 ஏப்ரலில் ரூழே தெ லீல் என்ற ராணுவ அதிகாரி இங்கே எழுதினார். அப்போது அதற்குப் பெயர் 'ரைன் படைக்கான போர்ப் பாட்டு'. சிறு வயதில் புதுச்சேரியில் ஜூலை 14 விழாவில் அதைத் தொண்டை கிழியப் பாடியவன் நான். எந்த ஆற்றுக்கான பாட்டு என்று எழுபத்து நான்கு வயதில்தான் தெரிந்தது.

அந்த ஊர் மக்களின் கதை எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருந்தது. 1871-இல் ஜெர்மனிக்குப் போனது. 1918-இல் பிரான்சுக்கு வந்தது. 1940-இல் மறுபடி ஜெர்மனி. 1944-இல் மறுபடி பிரான்ஸ். வீட்டை விட்டு நகராமலே ஒரு கிழவி நான்கு முறை நாடு மாறியிருப்பாள். இப்போது ஆற்றின் மேல் நடைபாலம் இருக்கிறது. 2004-இல் கட்டியது. அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பாதிப் பாலம் வரை போனோம். எங்களை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அண்ணன் நடுவில் நிறுத்தச் சொல்லி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 16 மாலை கப்பல் ஏறினோம். எங்கள் கூட்டம் பதினேழு பேர். மற்றவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர்கள். அறை சின்னதுதான், ரயில் முதல் வகுப்பு மாதிரி. ஆனால் ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். நீண்ட சரக்குப் படகுகள் வரிசையாகப் போகின்றன. அந்தப் படகு ஒன்றில் சுமார் மூவாயிரம் டன் போகுமாம். நம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் லாரிகளை நினைத்துப் பார்த்தேன். நூறு லாரிக்கு மேல் வேண்டும், ஒரே படகுச் சரக்குக்கு.

இரவு சாப்பாட்டுக்குப் பின் அண்ணனும் நானும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். பௌர்ணமிக்கு முந்தைய நாள் நிலா. கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள் நுழைந்தது. முன்னும் பின்னும் கதவு. லாக் என்கிறார்கள். 270 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். பின்கதவை மூடித் தண்ணீரை வடிக்கிறார்கள். கப்பல் கிணற்றுக்குள் வாளி இறங்குவது போலச் சத்தமில்லாமல் இறங்குகிறது. ஈரச்சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே போகிறது. பிறகு முன்கதவு திறக்க, தாழ்ந்த ஆற்றில் கப்பல் மறுபடி நகர்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் இஃபெட்ஸ்ஹைம். கடல் வரைக்கும் ரைனில் இதுதான் கடைசி லாக்.

அண்ணன் வலது கரையைக் காட்டினார். "அங்க வெளிச்சம் தெரியுதுல்ல, அதுக்கு அந்தாண்ட பாடன்-பாடன். எங்க பட்டாளம் அப்ப அங்கதான் இருந்துச்சு. அப்ப இந்த அணையெல்லாம் கிடையாது. அப்பா போன கடுதாசி எனக்கு அங்கதான் வந்துச்சு."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. "குளிருது அண்ணே, உள்ள போலாம்" என்றேன்.

மறுநாள் புரட்டாசி முதல் தேதி, பௌர்ணமி. காலை பத்து மணிக்குச் சதாபிஷேகம். கப்பலில் நெருப்பு கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஹோமம் இல்லை, குத்துவிளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு. புதுச்சேரியிலிருந்து ஐயர் வாட்சப் வீடியோவில் மந்திரம் சொன்னார். மலை வரும்போதெல்லாம் மந்திரம் நின்றுவிடும். அபிஷேகத்துக்குச் சல்லடை வேண்டுமே, அதை மட்டும் எல்லோரும் மறந்திருந்தோம். சமையல்காரரிடம் போய் என் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் நூடுல்ஸ் வடிக்கும் பெரிய வடிதட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனையும் அண்ணியையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் வடிதட்டைப் பிடித்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு சொம்பாக ஊற்றினோம். அண்ணி குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார். வெளியே கண்ணாடி வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். முடிந்ததும் அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒரு கிழவர் வந்து அண்ணன் காலைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டார். பார்த்தால் அவருக்கே எண்பது இருக்கும்.

மதியம் கப்பல் சமையல்காரர் பாயசம் என்று நினைத்துப் பால்சோறு ஒன்று செய்து அனுப்பினார். சர்க்கரை போட்டிருந்தார், ஏலக்காய் இல்லை. மனைவி பையிலிருந்து ஏலக்காய்ப் பொடியை எடுத்துத் தூவினாள். அதற்காகவே கொண்டுவந்தவள் போல.

அண்ணனின் பேரன் பதினான்கு வயதுப் பையன். ஆயிரம் பிறை கண்டவருக்குத்தான் சதாபிஷேகம் என்று யாரோ சொல்ல, அவன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். "தாத்தா பொறந்ததிலேர்ந்து இன்னிக்கு வர்றது 998-ஆவது பௌர்ணமிதான். இன்னும் ரெண்டு பாக்கி!" எல்லோரும் சிரித்தோம். நான் குமாஸ்தா. பாக்கி என்றால் எனக்குச் சும்மா இருக்காது. அந்த இரண்டை மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் பார்த்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ரூடெஸ்ஹைம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கொடைரோடு பக்கத்துப் பந்தல் திராட்சை போல் அல்ல, குச்சியில் கட்டி வரிசை வரிசையாக. குன்றுக்கு ஒரு கோட்டை. காவுப் என்ற ஊரில் ஆற்றின் நடுவிலேயே கப்பல் வடிவில் ஒரு கோட்டை நிற்கிறது. 1327-இல் கட்டத் தொடங்கியது, படகுகளிடம் சுங்கம் வாங்க. டோல்கேட் தொல்லை எந்தக் காலத்திலும் உண்டு என்று என் மகன் சொன்னான். அதையடுத்து லோரலைப் பாறை. ஆற்றிலிருந்து 132 மீட்டர் உயரம். அங்கே ஆறு குறுகி வளைகிறது. உச்சியில் அமர்ந்து பாடும் பெண் படகோட்டிகளை மயக்கிக் கவிழ்ப்பாள் என்று கதை. ஹைன்ரிக் ஹைனே என்ற கவிஞர் 1824-இல் அதைக் கவிதையாக்கினார். கரையில் கிலோமீட்டருக்கு ஒரு எண் பலகை இருக்கிறது. லோரலைக்கு 554. நம் நெடுஞ்சாலைக் கல் மாதிரி. நான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஒன்று கவனித்தேன். மைன்ஸ் தாண்டியபின் கோப்லென்ஸ் வரை ரைன் மேல் பாலமே இல்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். யாராவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

மாலை கோப்லென்ஸில் கப்பல் நின்றது. 592-ஆம் கிலோமீட்டர். மோசெல் நதி வந்து ரைனில் கலக்கும் கூடுதுறை. இளையவர்கள் ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணனும் நானும் மேல்தளத்தில். எதிர்க்கரையில் எரென்பிரைட்ஸ்டைன் கோட்டை. அதன் பின்னாலிருந்து 998-ஆவது நிலா மேலே வந்தது.

நான் சொன்னேன். "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா போனப்ப நான் உங்களுக்குத் தந்தி குடுக்கல."

1974-இல் அண்ணன் முதல் முறை ஊருக்கு வந்தபோது அப்பா படத்துக்கு முன்னால் நின்று என்னைக் கேட்டார், "தந்தி ஏன்டா வரல?" நான் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன், "குடுத்தோமே அண்ணே, வந்து சேரலையா?" அம்மா அடுப்படியில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொய் ஐம்பது வருடம் என்னோடு இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவனுக்குச் சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி என் கோபம். நீ போய்விட்டாய், மருந்துக்கும் மளிகைக்கும் நான் அலைகிறேன், கொள்ளியும் நான் வைக்கிறேன், நீ எதற்கு? இருபது வயதுப் பையனின் கோபம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் கடிதம் எழுதினேன்.

அண்ணன் நிலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்குத் தெரியும்டா. கடுதாசி மேல தபால் முத்திரை இருக்காதா? நவம்பர் 20. உள்ள எழுதியிருந்தது நவம்பர் 4. குமாஸ்தா வேலை பார்த்தவன், இதுகூட யோசிக்கலையா நீ?"

என்னால் பேச முடியவில்லை.

"தந்தி வந்தாலும் என்னால வந்திருக்க முடியாது. லீவு கிடைக்காது, டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ஆனா ஒண்ணுடா தம்பி. நவம்பர் 9-ஆம் தேதி தெ கோல் செத்துப்போனார். 12-ஆம் தேதி நாடு முழுக்க துக்கம். எங்களையெல்லாம் மைதானத்துல நிக்க வச்சு, கொடிய அரைக் கம்பத்துல இறக்கினாங்க. நானும் அசையாம நின்னேன். அப்பா போய் எட்டு நாள் ஆகுதுன்னு தெரியாது. சாயங்காலம் போய்ப் பந்து ஆடினேன். தந்தி வந்திருந்தா வந்திருக்க மாட்டேன். மொட்டையாவது அடிச்சிருப்பேன். மூத்த பிள்ளை."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "கடைசில அப்பா என்ன சொன்னார்? யாரும் எனக்கு அதைச் சொல்லவே இல்ல."

அதுதான் நான் மறைத்தவற்றில் பெரியது. கடைசி இரவு நல்ல மழை. வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்பா கண் திறந்து, "பெரியவனா வந்திருக்கான்? கதவத் திற" என்றார். நான் போய்க் கதவைத் திறந்தேன். தெருவில் மழைதான். "வருவாம்பா" என்றேன். விடிவதற்குள் போய்விட்டார்.

சொல்லி முடித்தேன். எண்பது வயது மனிதர் மடியில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான். கீழே மோசெல் தண்ணீரும் ரைன் தண்ணீரும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஊர் சுற்றிவிட்டு வந்த என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

அதன் பின் கொலோன் பார்த்தோம். 157 மீட்டர் உயரக் கோபுரங்கள், 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த தேவாலயம். அறுநூறு வருடத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். முடிக்காமல் விட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுத்து முடிக்கலாம் போலிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, பாரீஸ் வந்து, ஊர் திரும்பினோம்.

நவம்பர் 6-ஆம் தேதி ஐப்பசி வளர்பிறை பஞ்சமி. வழக்கம்போல அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்து போனைப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. வேறு செய்தி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முழு மொட்டை.

ஒன்பது நாள் கழித்து, 15-ஆம் தேதி பௌர்ணமி. நானே போன் செய்தேன். "அண்ணே, கணக்கு நேராயிடுச்சு. இன்னிக்கு ஆயிரம்." இங்கே மழை மேகம், நிலா தெரியவில்லை. அங்கேயும் மேகம்தான் என்றார்.

"பரவாயில்லடா. தலைதான் குளிருது" என்றார்.